குறுக்கு நார்

மழைக்காலத்தில் கழுத்துப்பட்டி காய மூன்று நாள் எடுக்கும். அதனால் அருள்நேசனுக்கு இரண்டு வாங்கி வைத்திருந்தேன். ஒன்றைக் கழுவினால் மற்றதைப் போடலாம்.

வாக்குமூலத்தில் இதையும் எழுதுங்கள், ஐயா: நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்தவள், நர்ஸ்மாரைப்போல என்னையும் எல்லாரும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றபின் வங்காலையில் தனியாக இருந்தேன். மாதா கோயில் பூசையில் சொல்லும் பதில்களைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத கிழமைகள் உண்டு. அருள்நேசன் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, பக்கத்துக் காணியில் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டிருந்தான். வீடு முடிந்ததும், முகாமிலேயே இருந்த மனைவி டிலானியும் மகளும் வருவதாக இருந்தது. ஒருநாள் சுவர் கட்ட ஏறி நின்ற சாரத்திலிருந்து விழுந்தான். பிடரியில் எலும்புகளைப் பிணைக்கும் நார் இழுபட்டிருந்தது. ஆறு கிழமை பட்டி போடச் சொன்னார்கள். பார்க்க ஆளில்லாததால் என் முன்னறையைக் கொடுத்தேன்.

ஆறாம் கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்குத்தருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி என்னிடம் தந்தார். நார்கள் ஆறிவிட்டன, பட்டியைக் கழற்றலாம், வேலைக்குப் போகலாம். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபிறகு, "என்ன எழுதியிருக்கு, மிஸி?" என்று கேட்டான்.

"இன்னும் ஆறேல்லையாம்," என்றேன்.

அதோடு விட்டிருந்தால் ஒரு மாதத்தில் கழற்றியிருப்பான். அதனால் படம் வரைந்து விளங்கப்படுத்தினேன். கழுத்தின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பின் முளை அந்த வளையத்துக்குள் நிற்கிறது. முளை பின்னால் சாயாமல் ஒரு குறுக்கு நார் பிடித்திருக்கிறது. அதற்குப் பின்னால், மூளையிலிருந்து இறங்கும் நரம்புத்தண்டு, முண்ணாண். நார் அறுந்தால் முளை முண்ணாணை நசுக்கும், மூச்சு நின்றுவிடும். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவனுடைய குறுக்கு நாருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அவன் தலையைத் திருப்பியதே இல்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்புவான். தாடைக்குக் கீழே நான்தான் சவரம் செய்துவிட்டேன். பின்னேரங்களில் முகாமைப் பற்றிக் கதைப்பான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து டிலானி பொறுக்கமாட்டாமல் மகளோடு வந்துவிட்டாள். பிள்ளை ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடிக்கப் போனது.

"கழுத்தில தொங்காதேங்கோ பிள்ளை. அப்பான்ர மூச்சு நிண்டுபோயிடும்," என்றேன்.

அதற்குப்பிறகு அந்தப் பிள்ளை வாசலில் நின்றுதான் தகப்பனோடு கதைத்தது.

நாலு மாதம் கழித்து, டிலானி என் அலுமாரியில் அந்தக் கடிதத்தைக் கண்டுபிடித்தாள். ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். நோயாளியின் கடதாசியை நான் ஒருநாளும் கிழித்ததில்லை.

ஓம், ஆறிய கழுத்தை இரண்டு வருடமும் நாலு மாதமும் கட்டி வைத்தவள் நான்தான். பலவந்தமாக அல்ல. ஒவ்வொரு காலையும் பட்டி போட அவனே நாடியை நிமிர்த்திக் காட்டினான்.

டிலானி அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்; அங்கே புதிய டாக்குத்தர் பட்டியைக் கழற்றினார். தசை வற்றி, கழுத்து ஒரு குழந்தையினுடையதுபோல இருந்தது. அருள்நேசன் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"கையை விடுங்கோப்பா, ஒண்டும் நடக்காது," என்று டிலானி அழுதாள்.

அவன் விடவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, "மிஸியைக் கூப்பிடுங்கோ," என்றான்.

நான் பின்னாலேயே வந்து கதவடியில் நின்றிருந்தேன். எல்லாவற்றையும் எழுதுங்கள், கையொப்பம் வைக்கிறேன். ஆனால், கட்டின மனைவி பக்கத்தில் நிற்க, அவன் கூப்பிட்டது என்னை. அதையும் எழுதுங்கள், ஐயா.