மேட்டுச்சாலைக்குத் தார் பூசியவர்கள் வாசிக்கும் மடல்

கல்லையும் கண்ணெனக் காத்த காவலரே! கைவிடப்பட்ட சாலைக்குக் கைகொடுத்த கண்ணியவானே! எங்கள் மேற்பார்வையாளர் ஐயா அவர்களே! தங்கள் பணிநிறைவு நாளில், கவிழ்ந்த தலையோடும் கூசிய மனத்தோடும் அலுவலகத்தார் வாசித்தளிக்கும் மடல் இது.

புறவழிச்சாலை வந்தபின் புதர் மண்டிக் கிடந்த பழைய மேட்டுச்சாலையை, "உடைச்சு ஜல்லியாக்கிடலாம்" என்று மேலிடம் சொன்னபோது மறித்து நின்றவர் தாங்கள். முள்ளை வெட்டி, மதகைத் தூர்வாரி, வாகனம் நுழையாதபடி கல்தூண் நட்டு, ஊரார் காலாற நடக்கும் பாதையாக அதை மாற்றினீர்கள். தலைமுறை தலைமுறையாய் வண்டிச் சக்கரங்கள் கருங்கல்லில் தேய்த்த இரட்டைத் தடத்தில், பிள்ளைகள் தடத்துக்கொருவராய் இறங்கி நடந்து சிரிப்பார்கள். மூட்டு வலித்தவர்களும் மனம் வலித்தவர்களும் மாலையில் அங்கேதான் வருவார்கள்.

அந்தத் தடத்தைத்தான் ஐயா, நாங்கள் தார் ஊற்றி நிரப்பினோம்.

தாங்கள் விடுப்பில் இருந்த வாரத்தில், தங்கள் பாதம் நோகாமல் பாதை வழுவழுப்பாக இருக்கட்டுமே என்று ரகசியமாய்ச் செய்த பரிசு அது. பள்ளத்தைக் கண்டால் நிரப்பாமல் கை நிற்காத பிழைப்பு எங்களுடையது. அந்தத் தடமும் எங்கள் கண்ணுக்குப் பள்ளமாகத்தான் பட்டது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். எங்கள் கையில் ரோலரே இருந்தது; தாங்கள் நட்ட கல்தூணைப் பிடுங்கித்தான் அதை உள்ளே ஏற்றினோம். போதாக்குறைக்கு, நேற்றுத் தங்கள் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய் நிறுத்திக் கையும் தட்டினோம். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தாங்கள் திட்டவில்லை. குனிந்து தாரைத் தொட்டுப் பார்த்து, "வண்டியே வராத ரோட்டுக்கு எதுக்குப்பா தாரு?" என்றீர்கள். கடப்பாரையோடு சுரண்ட ஓடிவந்த ரோலர் ஓட்டுநரிடம், "விடுப்பா, கல்லு உடைஞ்சிடும். இனி யாரும் கை வைக்க வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்து போனீர்கள். "நேத்துலருந்து அவரு சரியா சாப்பிடல" என்று தங்கள் துணைவியார் இன்று வாசலிலேயே சொன்னார். எங்களுக்கும் சோறு இறங்கவில்லை ஐயா.

நிம்மதியாய் ஓய்வெடுங்கள் என்று வாழ்த்தி முடிப்பது முறை. ஓய்வெடுக்க வேண்டியவர் தலையில் வேலையை ஏற்றிவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்வோம்? நாளைக் காலையில் உளியும் சுத்தியலுமாக மேட்டுச்சாலையில் காத்திருப்போம். எந்தக் கல்லை எப்படித் தொடுவது என்று தாங்கள் சொல்லும்வரை விரலும் வைக்கமாட்டோம். நோய் நொடியின்றி நெடுநாள் வாழ்ந்து, எங்களை வாயாரத் திட்டுங்கள். அந்தத் தாரைத் தனியாக மட்டும் சுரண்டப் போய்விடாதீர்கள்.

வெட்கத்துடன்,
சாலைப் பராமரிப்பு அலுவலகப் பணியாளர்கள்