பொம்மைக்கு அடியில் மாமியார்

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள். என் முன் சீட்டில் ஓர் அம்மா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“எங்க மாமியாரை முந்நூறு பொம்மைக்கு அடியில வச்சுச் சூளையில சுட்டுட்டேன்க்கா.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“என்னடி சொல்ற?”

“நம்ம பொம்மைக்கடை இன்ஸ்டாவுக்குன்னு க்யூஆர் கோடு அச்சு பண்ணி, பச்ச மண்ணுலயே பொம்மை அடியில பதிச்சேன். லிங்க்கை மாத்திக் குடுத்துட்டேன் போல. ஸ்கேன் பண்ணா கடை வரல, அத்தை வராங்க. முருங்கைக்கீரை தின்ன ஆட்டை நிக்க வச்சு நாயம் கேக்குறாங்களே, நான் எடுத்துப் போட்ட அந்த வீடியோ.”

“சுரண்டிடேன்.”

“சூளையில வெந்தது போவாதுக்கா.”

“அப்ப வீடியோவையே அழிச்சிடு.”

“எப்படி அழிக்கிறது? வாங்கினவங்க எல்லாம் அந்த ஆடு என்னாச்சுன்னு கேக்குறாங்க. இன்னும் நூறு பொம்மைக்கு ஆர்டர் வந்திருக்குது. அத்தைக்கு மட்டும் தெரிஞ்சுது, வூட்டுல சேக்க மாட்டாங்க.”

முன் சீட்டு அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“அடுத்த சூளைக்கு வேற வீடியோ எடுடி. அதுல நான் தலைகூட சீவாம நிக்கிறேன்.”