நேர்ச்சைப் பெட்டியில் ஆறு அமெரிக்கக் காசுகள்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மணிக் கமிட்டிப் பெரியோர்களே, பாளையங்கோட்டையின் மூத்தோர்களே, பாய்களில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தலை தாழ்ந்த வணக்கம்.

நாளைக் காலை நம் கோயிலுக்கு மணி வார்க்கிறோம். வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். என்னால் வாழ்த்த முடியவில்லை.

மணிக்காக ஊரே செம்பைக் காணிக்கையாக நேர்ந்தது. குடங்கள் உலைக்கூடத்தில் குவிந்திருக்கின்றன. சிறு செம்பெல்லாம் இதோ, மேடையில் இந்த நேர்ச்சைப் பெட்டிக்குள். இதற்குள் ஆறு காசு கிடக்கிறது. உபாத்தியாயர் நேசையா அவர்களின் காசு. அமெரிக்கச் செம்புக் காசு. 1794ஆம் வருஷத்தது.

பதினெட்டு ஆண்டு! தூத்துக்குடித் துறையில் கப்பல்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது ஏழே ஏழு. சென்ற வாரம் அவர் ஊரில் இல்லை. கமிட்டிச் செயலாளர் கிருபைராஜ் அவர்கள், நேசையாவின் மனைவி மட்டும் இருந்த வீட்டுக்குப் போனார். அங்கிருந்த காசுப் பெட்டியைத் திறந்தார்.

"எல்லாம் ஒரே வருசம், ஒரே பொம்பள மூஞ்சி. ஏழு எதுக்கும்மா? ஒண்ணு போதும்."

பளபளப்பான ஒன்றை வைத்துவிட்டு, தேய்ந்த ஆறையும் எடுத்து வந்தார். என்ன கரிசனம்!

ஒரே முகமா? அந்நாளில் காசு அடிக்கும் அச்சைக் கையால் செதுக்கினார்கள். ஓர் அச்சு வெடித்தால் இன்னோர் அச்சு. ஒன்றில் கூந்தல் வேறு. ஒன்றில் இலை வேறு. ஒன்றில் அச்சு வெடித்ததால் விழுந்த விரிசல், முடியிழை போல. அந்த ஆறில் ஒன்றின் விளிம்பைச் சுற்றிலும் மணல் மணலாய் நட்சத்திரங்கள். அந்த அச்சில் அடித்த காசு உலகத்தில் சிலரிடம் மட்டுமே உண்டு. லென்ஸ் வைத்து அவர் எனக்குக் காட்டினார்.

நாளை அது உலையில் செம்புக் குழம்பாகும்.

அங்கே என்ன சொன்னீர்கள், அண்ணாச்சி? "செம்புதானலே"யா? மேடையில் ஏழு பேர் இருக்கிறார்கள். ஏழும் வெள்ளைத் தலைப்பாகை. ஒருவரை வைத்துக்கொண்டு ஆறு பேரை உருக்கலாமா? சிரிக்காதீர்கள்! சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் நேசையா வந்து செயலாளரிடம் காசைத் திருப்பிக் கேட்டார். கிடைத்த பதில்: "நேந்தது திரும்பாது வே." நேசையா இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பாருங்கள்.

நேர்ந்தது திரும்பாது. ஒப்புக்கொள்கிறேன். நேர்ந்தது யார்? அவருடைய மனைவி கொடுத்ததாகச் செயலாளர் சொல்கிறார். கொடுத்தாரா? சாலோமி அம்மா, நீங்களே சொல்லுங்கள். பயப்படாதீர்கள். எழுந்து நின்றே சொல்லுங்கள்.

"நான் குடுக்கலய்யா. அவுக வந்தா கேளுங்கன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. அவரே பெட்டியத் தொறந்தாரு, அவரே எடுத்தாரு. நான் அடுப்படி வாசல்ல நின்னேன்."

கேட்டீர்களா? கேட்டீர்களா, பெரியோர்களே? கொடுக்காததை எடுத்து வந்து அதற்கு நேர்ச்சை என்று பெயரிட்டோம்! ஒரு பெண் சொன்ன சொல்லைக் கேட்காத நாம், ஊரெல்லாம் கேட்க மணி வார்க்கிறோம்! இந்த மணி எந்த வாயால் ஜெபத்துக்கு அழைக்கும்?

திறவுங்கள் பெட்டியை. இப்போதே. நான் உட்காரப் போவதில்லை.

செயலாளர் கை இடுப்புச் சாவிக்குப் போகிறது. போகட்டும். யாரும் கை தட்ட வேண்டாம். நேசையா ஐயா, லென்ஸோடு மேலே வாருங்கள். ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, உலை காத்திருக்கும்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும், பொறுக்காமல் எழுந்த சாலோமி அம்மாளுக்கும் என் நன்றி. வணக்கம்.