வாய்ப்பூட்டு

— அப்ப காசு கொடுத்து வாங்கின நான் திருடி. அப்படித்தானேடா தம்பி?

— ஐயோ அக்கா, யாரு அப்படிச் சொன்னா?

— உன் கம்பெனிதான் சொல்லுது. இந்தா, நீயே அமுக்கிப் பாரு. போன வாரம் வரைக்கும், உங்ககிட்ட வாங்கின சட்ட மின்புத்தகத்தை எனக்கு வாய்விட்டுப் படிச்ச போனு, இப்ப "அனுமதி இல்லை"ங்குது.

— அது புது அப்டேட்டுக்கா. படிச்சுக் காட்டுற வழியில புகுந்துதான் திருட்டுப் பசங்க முழுப் புத்தகத்தையும் உருவிடுறானுங்க. கேளுக்கா, புத்தகம் வந்த அன்னைக்கே ஓசியில ஊரைச் சுத்துது. எழுதினவன் வயித்துல அடிக்கிறதுதானே அது? அதுக்குத்தான் பூட்டு.

— சரி, நியாயம். திருட்டு நின்னுச்சா?

— கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி...

— ஆமாவா, இல்லையா?

— இல்லக்கா. பூட்டை உடைச்ச காப்பி மறுநாளே வந்துடுச்சு.

— அந்தத் திருட்டுக் காப்பியைப் போனு படிக்குமா?

— ம்... படிக்கும்.

— நல்லா இருக்குடா! திருடனுக்குத் தெறந்த கதவு, காசு கொடுத்தவளுக்குப் பூட்டு. அலமாரி நிறைய அச்சுப் புத்தகம் கெடக்கு, எழுத்தெல்லாம் எனக்குப் புகையாத் தெரியுது. கட்சிக்காரங்க வந்து உக்காந்தா, இந்த வக்கீல் எதைப் பாத்துப் பேசுவா?

— குரல் புத்தகம் தனியா விக்கிறோமேக்கா. அதை வாங்கினா...

— ஓஹோ, அதான் சங்கதியா! திருடனைக் காட்டி என் தலையில மறுபடியும் மிளகா அரைக்கிறீங்க. பார்வை இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு அங்க ஒருத்தரும் கேக்கலையா?

— நான் கேட்டேன்க்கா, சத்தியமா. "அவங்க எத்தனை பேரு இருந்துடப் போறாங்க?"ன்னு மேனேஜர் சிரிச்சாரு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன... சொன்னபடி பூட்டுக்கான புரோகிராமை எழுதிக் கொடுத்தேன்.

— நீயா? இதைப் பூட்டினது நீயா?

— கோவிச்சுக்காதக்கா. போனை இப்படிக் கொடு, உனக்கு மட்டும் யாருக்கும் தெரியாம தெறந்து விட்டுடறேன்.

— எனக்கு மட்டுமா? கையை எடுடா. அது ஆதாரம்.

— எதுக்கு ஆதாரம்?

— உன் கம்பெனி மேல நேத்தே வழக்குப் போட்டுட்டேன். இவ்வளவு நேரம் நான் சண்டை போடலடா. சாட்சிக் கூண்டுல ஏத்தினா நீ உண்மையைச் சொல்லுவியான்னு பாத்தேன். மேனேஜர் சிரிச்சதை அங்கேயும் விடாம சொல்லு.