வளையம் கொடுக்கும் கிருமி

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப்போன ஒரு அம்மா, பக்கத்தில் இருந்த கொழுந்தனிடம், "கிருமிக்குக் கிருமி வளையம் குடுக்குமாம், தெரியுமா?" என்றது. அணை கட்டுகிற காலத்திலிருந்து இந்த ரோட்டில் போகிறேன், இப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை.

"இன்னா வளையம் அண்ணி?"

"லேப்புல சொன்னாங்க. கிருமி ஒடம்புக்குள்ளயே வளையமாட்டம் ஒரு துணுக்கு இருக்குமாம். சாதுவா இருக்கற கிருமிக்கு இன்னொரு கிருமி அத குடுக்குமாம். வெஷமும் அந்த வளையத்துலதானாம், மருந்துக்கு அடங்காத திமிரும் அதுலதானாம். எம்பொண்ணு வயித்துல அதுதான் இருக்குது. எந்த ஊசிக்கும் கேக்கல."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒம் பண்ணையில நோவே இல்லாத கோழிக்கு தெனம் தண்ணியில மருந்து கலக்குற. அந்தக் கோழி எருவ நாங்க குடிக்கிற கெணத்தோரம் கொட்டிக்கினு இருக்கற. கிருமி அங்கதான் மருந்துக்குப் பழகுச்சு."

"மருந்து ஊத்துன நாள்லேர்ந்து எங்கோழி ஒண்ணுகூட சாவலியே அண்ணி."

அந்தம்மா எழுந்தது. காலி சீட்டுகளைத் தாண்டிப் போய், கள்ளக்குறிச்சி வரைக்கும் படியோரம் நின்றுகொண்டே வந்தது.