அணிக்கு நெருக்கமானவர்

ஹலோ... ஹலோ, மீனா ஆச்சியா?... நான் பவுலின் பேசுறேன் ஆச்சி, போஸ்ட் ஆபீஸ் பவுலின்... ஆமா ஆமா, எல்லாரும் சொகம், அதெல்லாம் அப்புறம். நீங்க கையெழுத்துப் போட்டுட்டீகளா?... டீம் செக்ரட்டரியா நீங்க போடவேண்டிய லெட்டர்ல ஆச்சி! அழகியக் கேப்டன் பதவியில இருந்து எடுக்குற லெட்டர்... இன்னும் போடலையா? அப்பாடா! மாதாவே! போடாதீக. பேனாவ மூடி அங்குட்டு வைங்க... வச்சுட்டீகளா?... மூடுனீகளா?... மூடுங்க ஆச்சி, மூடுனாத்தான் எனக்கு மூச்சு வரும்.

...சிரிக்கிறேனா? சிரிக்காம என்ன செய்ய! பத்தரை மணியில இருந்து கவுண்டர்ல உக்காந்து தனியாச் சிரிக்கிறேன். போஸ்ட் மாஸ்டர் 'என்னம்மா, உடம்புக்கு முடியலையா'ன்னு கேட்டுட்டாரு. இப்ப சாப்பாட்டு நேரம், டிபன் பாக்ஸக் கூடத் தொறக்கல, பின்னாடி வேப்பமரத்தடியில வந்து நின்னு பேசுறேன்... வாரேன், விசயத்துக்கு வாரேன். திங்கக்கெழம பேப்பர் பக்கத்துல இருக்கா?... எடுங்க... ஆமா, நம்ம பிள்ளைக போட்டோ. கலரு, கால் பக்கம். தலைப்ப நானே வாசிக்கவா? மனப்பாடம். 'ஹாக்கி அணியில் வெடித்தது மோதல். கோல் கீப்பர் மீது முகமூடியை வீசினார் கேப்டன்'... சரி, அந்தப் போட்டோவுல என்ன தெரியுது? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க... ம்... அழகி கைய வீசுறா... ம்... மாஸ்க் பறக்குது... கீப்பர் பெனிட்டா என்ன செய்யிறா?... கைய ஓங்குறாளா? ஆச்சி, நல்லாப் பாருங்க. ஓங்குற கை அப்படியா இருக்கும்? உள்ளங்கை எங்குட்டுப் பாக்குது?... ஆங்! 'இங்குட்டுப் போடு, இங்குட்டுப் போடு'ன்னு கேக்குறா!

...இருங்க, இருங்க, திட்டாதீக. நாம ரெண்டு பேரும் எத்தன வருசமா ஹாக்கி பாக்குறோம்?... பதினாறு வருசம். பெனால்ட்டி கார்னர் குடுத்தா என்ன நடக்கும்? கீப்பர் போக நாலு பிள்ளைக கோல் போஸ்ட்டுல நிக்கும். பந்து மூஞ்சியில அடிச்சிரும்னு நாலும் மாஸ்க் மாட்டிக்கிரும்... ஆமா. பந்த அடிச்சு வெளிய விரட்டியாச்சு, இப்ப எதிர் கோலுக்கு ஓடணும். மாஸ்க்கோட ஓடலாமா?... விடமாட்டாக. கழட்டி எறிஞ்சுட்டுத்தான் ஓடணும். எல்லா டீமும் எறியுது... ஆமா ஆமா, தரையிலதான் எறியும். ஆனா நம்ம மைதானத்துல தரை எங்க இருக்கு? சரளைக்கல்லுதான இருக்கு! நம்மகிட்ட மாஸ்க் எத்தன?... அஞ்சு இருந்துச்சு, போன வருசம். ஒண்ணு சரளையில விழுந்து ரெண்டாப் பொளந்துச்சே, மறந்துட்டீகளா? இப்ப நாலே நாலு. இன்னொண்ணு உடைஞ்சா ஒரு பிள்ளை மூஞ்சிய மூடாம நிக்கணும். அதனால பிள்ளைக தங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணியிருக்குக. கழட்டுற மாஸ்க்க நேரா பெனிட்டா கால் பேட்ல எறியணும். மெத்தை கணக்கா இருக்குல்ல அந்தப் பேடு? பட்டு மெதுவா விழும், உடையாது. அவ காலாலயே நெட்டுக்குள்ள தள்ளிருவா. எறியிற ஆளுக்குக் கை காட்டி எடத்தச் சொல்லணும், அதுவும் அவ வேலை!

...யாரு சொன்னான்னா கேக்குறீக? பெனிட்டாவேதான்! போலீஸ் வேலைக்கு மனு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்ப வந்தா. நான் கவுண்டருக்கு உள்ள இருந்து, 'அவ எறிஞ்சது வலிக்குதாடி'ன்னு பாவமாக் கேக்குறேன். அவ முழிக்கிறா. 'எது வலிக்கும்'ங்குறா. அப்புறம் வெலாவாரியாச் சொன்னா பாருங்க... பின்னாடி வரிசையில நின்ன பெரியவரு, 'ஸ்டாம்பு கெடைக்குமா, இல்ல மேட்ச் முடியட்டுமா'ன்னு கேட்டாரு!

...ம்... ம்... இல்ல, ரெண்டுக்கும் சண்டையே இல்லன்னு நான் சொல்லல ஆச்சி. அழகி கத்துனா, ஒத்துக்கிறேன். ரெண்டாவது குவார்ட்டர் முடிஞ்சு தண்ணி குடிக்கிறப்ப முட்டிக்கிச்சுக. கோல விட்டுப்புட்டு எதுக்கு அம்புட்டுத் தூரம் ஓடி வந்தன்னு இவ கேக்க, நீ ஆளப் பிடிச்சிருந்தா நான் ஏன் வாரேன்னு பெனிட்டா கேக்க... ஆமா, எல்லாருக்கும் முன்னாடிதான். ஆனா அதுக்கப்புறம் ஒரு கோலு வாங்குனோமா? சொல்லுங்க. வாங்குனோமா?... பிறகென்ன!

...கேப்டன்னா அமைதியா இருக்கணுமா? யாரு சொன்னா உங்களுக்கு?... ஆச்சி, நெற்குப்பையில உங்க ஹோட்டலுக்கு நான் சாப்பிட வந்தேன்ல, ஒரு பஸ்ஸு நெறைய வெள்ளைக்காரக எறங்குன அன்னைக்கு? முகப்புல உக்காந்திருந்த எனக்கு, ரெண்டாங்கட்டு தாண்டி அடுப்படியில நீங்க போட்ட சத்தம் கேட்டுச்சு. 'வெள்ளப்பணியாரம் எங்கடி, விடிஞ்சா வருமா'ன்னு... ஆமா, நீங்கதான்! மறுநாள் அந்த அடுப்படியில இருந்து ஒருத்தியாச்சும் வேலைய விட்டுப் போனாளா?... பாத்தீகளா, சிரிக்கிறீக! அடுப்படிக்கு ஒரு நியாயம், மைதானத்துக்கு ஒரு நியாயமா?

...சௌபர்ணிகாவா? தங்கமான பிள்ளை. யாரு இல்லங்குறா? ஆட்டம் முந்திரிக்கொத்து மாதிரி, அம்புட்டுப் பக்குவம். ஆனா கேப்டனாப் போட்டா என்ன செய்வா? பின்னாடி ஆளு வருதுன்னு சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம் ஆச்சி. போன மேட்ச்ல பந்து கேக்க ஒரு தடவ வாயத் தொறந்தா, அதுவும் கொட்டாவி... நெசமா! நான் பாத்தேன்! அவள வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம பைனல் ஆடுறதா? அதோட, கேப்டன்னு சர்டிபிகேட்ல இருந்தா அழகிக்கு வேலைக்கு எம்புட்டு ஒத்தாசைன்னு நீங்கதான எங்கிட்டச் சொன்னீக? பைனலுக்கு நாலு நாளைக்கு முன்னாடி எடுத்துட்டா அந்தப் பிள்ளை கதி?

...அதச் சொல்லுங்க! அதச் சொல்லுங்க ஆச்சி! நாலு வருசமா மாவட்டத்துல நாமதான ஜெயிக்கிறோம்? ஒரு போட்டோ வந்துச்சா?... ஆமா, செய்தி வந்துச்சு, போன வருசம். ரெண்டு வரி. மரச்சாமான் கடை வெளம்பரத்துக்கு அடியில. 'காரைக்குடியில் ஹாக்கி போட்டி நடைபெற்றது'ன்னு. யாரு ஜெயிச்சான்னே போடல! மழை பேஞ்சதுன்னு போடுற மாதிரி போட்டுட்டுப் போயிட்டாக. இப்ப சண்டைன்னதும் கால் பக்கம்... சரியாச் சொன்னீக. கரெக்ட். அந்த நிருபர் தம்பி மேல எனக்குக் கோவமே இல்ல, குழந்தைவேலு. மஞ்சுவிரட்டும் தேரோட்டமும் எடுக்குற பிள்ளை. மாஸ்க்கப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? யாராவது தெரிஞ்சவக எடுத்துச் சொல்லியிருந்தா...

...எது?... கடைசிப் பத்தியா?... 'மோதல் முற்றியிருப்பதாக அணிக்கு நெருக்கமானவர் ஒருவர் தெரிவித்தார்'... ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு... யாருன்னு... ஹலோ? ஹலோ? ஆச்சி, கேக்கலையே... இந்த மரத்தடியில சிக்னலு...

...கேக்குது. கேக்குது ஆச்சி. நல்லாவே கேக்குது.

நான்தான்.

...ஆமா. நான்தான் அந்த நெருக்கமானவர்.

...திட்டுங்க. திட்டுனா எனக்கும் கொஞ்சம் பாரம் கொறையும்... மேட்ச் முடிஞ்சு பருத்திப்பால் வண்டிகிட்ட நிக்கிறேன். தம்பி வந்து, 'அக்கா, நீங்கதான் எல்லா மேட்ச்சுக்கும் வாரீகளாமே, என்ன சண்டை'ன்னு கேட்டுச்சு. ஒருத்தரு எங்கிட்ட ஹாக்கியப் பத்திக் கருத்துக் கேக்குறாக! பதினாறு வருசத்துல மொத தடவ! வாயி நிக்குமா? 'அழகிக்குத் திமிரு தம்பி, டீம்ல யாருக்கும் அவளப் பிடிக்கல'ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். பருத்திப்பால் டம்ளரக் கீழகூட வைக்கல... தெரியும் ஆச்சி, மாஸ்க்க எறிவாகன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா போய் விழுந்தது பெனிட்டா மேல. நான் ஞானத்தாயா நின்னு ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக் குடுத்த பிள்ளை. எம் பிள்ளை மேல எறிஞ்சுட்டாளேன்னு கண்ணு மறைஞ்சு போச்சு. அழகி எடத்துல வேற எவ எறிஞ்சிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெக்கமா இருக்கு ஆச்சி. இத அழகிகிட்ட நேர்ல போய்ச் சொல்லணும். அந்தப் பிள்ளை மூஞ்சியில எப்படி முழிக்கப் போறேன்னுதான்...

...என்னது?

...அங்கயா? உங்க பக்கத்துலயா?... கேப்டன் கைப்பட்டையத் திருப்பிக் குடுக்க வந்தாளா?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீகளா?... எப்பருந்து?... பேனாவ மூடச் சொன்னதுல இருந்தா! அட பாவமே! ஆச்சி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? 'திமிரு'ன்னு சொன்னதும் கேட்டுச்சா அவளுக்கு?... ஐயோ... குடுங்க. குடுங்க அவகிட்ட.

...அழகி?... பவுலின் அக்காதான்மா... அழுகுறியா?... பின்ன என்ன சத்தம் அது?... சிரிக்கிறியாடி! நான் இங்க வேர்த்து விறுவிறுத்து நிக்கிறேன்... கொட்டாவியா? சௌபர்ணிகாகிட்டச் சொல்லிறாதடி, தாயே! உன்னக் கும்புட்டுக் கேக்குறேன்... கேளு. நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு. மன்னிச்சிரு... 'பரவாயில்ல'ன்னு சொல்லாத, நீ கொடுமையாத் திட்டுனாக்கூட வாங்கிக்கிறேன்... என்ன செஞ்சாக?... உங்கம்மாவா?... லேமினேட் பண்ணிட்டாகளா! டிவிக்கு மேலயா?... 'சண்டையோ கிண்டையோ, எம் மக கலர்ல வந்திருக்காள்ல'ன்னாகளா... ஹஹ்ஹா... இரு, இருடி, கண்ணுல தண்ணி வருது... வேலங்குடியில இருந்து உங்க மாமா வந்து பாத்துட்டுப் போனாரா!... ம்... என்ன வருத்தம்?... பேரு போடலையா?

...ஆமால்ல. 'கேப்டன்', 'கோல் கீப்பர்'. அம்புட்டுத்தான் போட்டிருக்கு. உங்கம்மா பேனாவால எழுதி வச்சிருக்காகளா, போட்டோவுக்கு அடியில?...

...ம்... சரிடி. பேரு வரும், நான் பாத்துக்கிறேன்... ஆச்சிகிட்டக் குடு. பட்டைய நீயே வச்சுக்க, கையில கட்டிக்க. குடு.

...ஆச்சி, கேட்டீகளா?... லெட்டரக் கிழிங்க... பிறகு இல்ல, இப்பவே. எனக்குச் சத்தம் கேக்கணும், போனப் பக்கத்துல கொண்டு போங்க... கேட்டுச்சு! இன்னொரு தடவ!... ஆகா!... என்ன தண்டனை வேணாலும் குடுங்க, ஆனா மைதானத்துக்கு வராதன்னு மட்டும் சொல்லிராதீக... இருங்க ஆச்சி, வேற கால் வருது... யாருன்னு நெனைக்கிறீக? அந்தத் தம்பியேதான்! குழந்தைவேலு!... எடுக்கவா?... என்ன சொல்ல?... அழகி என்னமோ சொல்றாளே... அப்படியா? சரி... சரி சரி! அப்படியே சொல்றேன். லைன்லயே இருங்க.

...ஹலோ, சொல்லுங்க தம்பி... ஆமா, பவுலின் அக்காதான்... மொதல்ல ஒண்ணு கேட்டுக்கங்க. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பூராம் தப்பு... மறுப்புப் போடுவீகளா? எம்புட்டு?... ரெண்டு வரியா! தப்பக் கால் பக்கம் போட்டீக, சரிய ரெண்டு வரியில போடுவீகளா?... போட்டோ இருந்தாத்தான் எடம் குடுப்பாகளா? போட்டோதான? ஞாயித்துக்கெழம மூணரை மணிக்கு வாங்க, பைனலு. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நில்லுங்க. பெனால்ட்டி கார்னர் குடுத்தா, பந்த விரட்டுனதும் நாலு பிள்ளைகளும் மாஸ்க்கக் கழட்டி அந்தக் கீப்பர் பிள்ளை கால்ல எறியும், ஒண்ணு ரெண்டு இல்ல, நாலும். எத்தன கார்னரோ அத்தன தடவ. ஏன் எறியுதுன்னு நான் பக்கத்துலயே நின்னு சொல்றேன்... வாரீகளா? பருத்திப்பால் என் செலவு!... பேனா இருக்கா? எழுதிக்கங்க. கேப்டன், அழகி. பெரிய எழுத்துல... கோல் கீப்பர், பெனிட்டா... அடுத்து சௌபர்ணிகா... எழுதுங்க தம்பி, பதினோரு பேரும் வரணும், வெளிய உக்காந்திருக்குற அஞ்சு பிள்ளைகளும் வரணும். ஒரு பேரு விட்டாலும் ஒரு வீட்டுல பேனாவால எழுதணும்... ஆங், அழகம்மை, இது வேற பிள்ளை... தேன்மொழி... ம்... ம்...

...என் பேரா?... எனக்கு எதுக்கு தம்பி? 'அணிக்கு நெருக்கமானவர்'னே போட்டுக்கங்க. வச்சிர்றேன்.