மேரியின் குரல், நேராகக் காதுக்குள்

செனாயிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின் சீட்டில் இருந்த பெரியவர், கையில் போன்கூட இல்லாமல், "மேரி, நீ மூச்சு விடுறதுகூட கேக்குதுலா" என்றார்.

முன் சீட்டில் போனைக் காதில் வைத்திருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர்தான் மேரி, பெரியவரின் மனைவி. அன்று காலைதான் பெரியவருக்குப் புதுக் காது மெஷின் மாட்டியிருந்தார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"பழசுல இப்படிக் கேக்காதா?" என்று அம்மா போனில் கேட்டார்.

"மொத மெஷின்ல, போன கிட்ட கொண்டு வந்தாலே விசிலடிக்கும். அடுத்ததுல புளூடூத் இருந்துச்சு, ஆனா கழுத்துல ஒரு பெட்டிய தொங்கவிடணும். சட்டை உரசுனா கரகரன்னு சத்தம், நீ பேசுறது பாதி போயிரும். இதுல பாக்கெட்ல இருக்குற போன்லருந்து நேரா ரெண்டு காதுக்கும் வருது."

அந்த அம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதனாலதான் நான் போன் அடிச்சா 'சரி சரி'ன்னு வச்சிருவீங்களா? எங்கூட பேசப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

"ஐயோ, இல்லம்மா. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தம்போய் நிறுத்தத்தில் பலர் இறங்கினார்கள். அம்மா பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"இடம் இருக்கு, வாங்க."

"இரு, வரேன். அப்பெல்லாம் நான் போன வச்சப்ப நீ என்ன சொல்ல வந்தே? அத இப்ப சொல்லு."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சாப்டீங்களான்னு கேக்க வந்தேன்."

"இன்னும் இல்ல மேரி" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் எழுந்து அவரிடம் போனார்.